டூட்டி டாக்டர்களுக்கு ஓர் உடற்பயிற்சிக் குழு: மதுரையில் தொடங்குவது எப்படி

மதுரைக்குப் புதிதாக வந்திருக்கும் முதலாம் ஆண்டு பி.ஜி.க்கள் (முதுநிலை மருத்துவ மாணவர்கள்), ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்), அட்மிஷன் நாள், அதாவது யூனிட்டில் புது நோயாளிகளைச் சேர்க்கும் நாள் முடிந்து மறுநாள் மதியம் வரைக்கும் வார்டிலேயே நிற்கும் தம்பி தங்கைகள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பர்ன்அவுட் என்கிற வேலைச் சோர்வைக் குறைக்க நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம் உடற்பயிற்சி, கூட ஐந்தாறு பேர், தொடர்ந்து 12 வாரம். ஜிம்மில் பணம் கட்ட வேண்டாம், புது ஷூ கூட உடனே வாங்க வேண்டாம். ஆனால் தனியாக மட்டும் செய்யாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எதைக் குறைக்கப் பார்க்கிறோம்

ஒரு நைட் டூட்டி முடிந்து கண் எரிவது பர்ன்அவுட் இல்லை, அது தூக்கம் போதாதது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் போய்விடும். பர்ன்அவுட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் மூன்று அடையாளங்களைச் சொன்னது: தூங்கினாலும் தீராத அசதி, வேலையிலிருந்து மனசு விலகிப்போய் எல்லாவற்றின் மேலும் ஒரு கசப்பு, நான் செய்வதில் ஒன்றும் உருப்படியாக இல்லை என்ற எண்ணம். நோயாளியை "பெட் நம்பர் 14" என்று மட்டும் மனசுக்குள் நினைக்க ஆரம்பிப்பதும், நோயாளியோடு வந்தவர் ஏதாவது கேட்டால் உடனே எரிந்து விழுவதும், முன்பு ரசித்துப் படித்த பாடத்தைத் திறக்கவே பிடிக்காமல் போவதும் இந்த இரண்டாவது மூன்றாவது அடையாளங்கள்தான். அந்த நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை, சரியாகக் கையாளப்படாத வேலையிட அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் சொல்கிறது. இதை மனசில் வையுங்கள், கடைசியில் திரும்பவும் தேவைப்படும்.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பல வாரமாக எதிலும் விருப்பம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாமா என்ற நினைப்பு வருகிறது என்றால் அது ஓடிச் சரிசெய்யும் விஷயம் இல்லை. அன்றைக்கே மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் காலேஜிலேயே பார்க்கக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நோயாளிகளிடம் "டாக்டரைப் பார்க்க வெட்கப்படாதீங்க" என்று தினமும் சொல்கிற நமக்கும் அதே விதிதான்.

ஏன் கூட்டாக

அமெரிக்காவில் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தின் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் 69 மாணவர்களை வைத்து 12 வாரம் ஓர் ஆய்வு நடத்தி 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு குழு வாரத்துக்கு ஒரு முறையாவது 30 நிமிடம் கூட்டாகப் பயிற்சி செய்தது. இரண்டாவது குழு தனியாகவோ ஒன்றிரண்டு பேரோடோ வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்தது. மூன்றாவது குழு நடந்து போவது, சைக்கிளில் போவது தவிர வேறு எதுவும் செய்யவில்லை. முடிவில் கூட்டாகச் செய்தவர்களுக்கு மன அழுத்தம் சுமார் 26 சதவீதம் குறைந்திருந்தது, மனம், உடல், உணர்வு மூன்றிலும் வாழ்க்கைத் தரம் உயர்ந்திருந்தது. தனியாகச் செய்தவர்களுக்கு மன அளவில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் அழுத்தம் சொல்லும்படி குறையவில்லை. அவர்களும் வேர்வை சிந்தித்தான் செய்தார்கள்.

நாம் டாக்டர்கள், ஆய்வு என்றதும் ஓட்டையையும் பார்க்க வேண்டும். யார் எந்தக் குழு என்பதை மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள், குலுக்கிப் போடவில்லை. கூட்டத்தில் சேரும் குணமுள்ளவர்களுக்கு இயல்பாகவே பலன் கூடியிருக்கலாம். அதே போல அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களை அணி அணியாகப் பிரித்து, பரிசு அறிவித்து, 12 வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள், 2013-ல் அது வெளிவந்தது. கலந்துகொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது, பர்ன்அவுட்டும் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது, ஆனால் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆக, கூட்டாகச் செய்தால் மனசு லேசாகிறது என்பதை ஓரளவு நம்பிச் சொல்லலாம், பர்ன்அவுட்டே போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஆக்ஸ்ஃபோர்டு படகு வீரர்களை வைத்து 2010-ல் வந்த சின்ன ஆய்வு. ஒரே ஆட்கள், துடுப்புப் போடும் மெஷினில் அதே அளவு உழைப்பு, ஒரு நாள் தனியாக, இன்னொரு நாள் சேர்ந்து ஒரே தாளத்தில். சேர்ந்து செய்த நாளில் அவர்களுடைய வலி தாங்கும் சக்தி கூடுதலாக உயர்ந்தது. வலியைக் குறைக்க உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின் அதிகம் சுரப்பதன் அறிகுறி அது என்கிறார்கள். நாற்று நடும் பெண்கள் ஒரே குரலில் பாடிக்கொண்டு குனிந்து நடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

முதலில் ஒருவரைப் பிடியுங்கள்

எல்லோரும் செய்கிற முதல் காரியம் அறுபது பேரைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பது. வேண்டாம். அறுபது பேரும் கட்டை விரலைக் காட்டுவார்கள், காலையில் மைதானத்தில் இரண்டு பேர் நிற்பீர்கள். ஹாஸ்டலில் உங்கள் அறையில் இருப்பவரிடமோ, ஒரே யூனிட்டில் உங்களோடு டூட்டி பார்ப்பவரிடமோ நேரில் கேளுங்கள். "ஞாயிற்றுக்கிழமை காலையில அரை மணி நேரம் என் கூட நடக்க வர்றியா?" என்று இவ்வளவுதான். அவர் வந்தால், அடுத்த வாரம் இருவரும் ஆளுக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள். ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் யார் வரவில்லை என்பது கண்ணில் படாது, அது கண்ணில் படுவதற்காகத்தான் இத்தனை பாடும்.

டாக்டர்கள் மட்டும்தான் என்று கதவைச் சாத்தாதீர்கள். அதே வார்டில் அதே இரவு முழித்திருக்கும் நர்ஸ் அக்காவும் லேப் டெக்னீஷியன் தம்பியும் அதே சோர்வில்தான் இருக்கிறார்கள். யூனிட்டின் தலைமை டாக்டரான சீஃப் வரலாமா என்று கேட்பீர்கள். வரலாம், சில சீஃப்கள் வந்தால் குழுவுக்கே பலம். ஆனால் மூன்று விஷயம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்: மைதானத்தில் கேஸ் பற்றிப் பேச்சு கிடையாது, யார் வந்தார் வரவில்லை என்பது டிபார்ட்மென்ட்டுக்குப் போகக்கூடாது, ஜூனியரை மைதானத்தில் வைத்துக் கேள்வி கேட்கக்கூடாது. "சார்" என்று கூப்பிடுவது மாறாது, மாற வேண்டியதும் இல்லை, ஆனால் சார் பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தாங்கும் பயிற்சி) போட்டு நடுங்குவதை ஜூனியர் பார்த்துவிட்டால் மறுநாள் ரவுண்ட்ஸில் பயம் கொஞ்சம் குறையும் என்பது உண்மை.

பெண்கள் விஷயத்தில் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டும். விடியாத இருட்டில் தனியாக ஸ்கூட்டியில் வரச் சொல்லாதீர்கள், ஹாஸ்டல் வாசலில் சேர்ந்து கிளம்புங்கள். கைக்குழந்தை உள்ள பி.ஜி. அக்காவுக்கு அதிகாலை ஒத்துவராது, சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில் வைத்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருவார். சுடிதாரில் வந்தாலும் சரி, டிராக் பேண்டில் வந்தாலும் சரி, உடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

டூட்டி பட்டியலை வைத்து நாள் குறிப்பது

பெரும்பாலான குழுக்கள் உடைவது இங்கேதான். "தினமும் காலை ஐந்தரை" என்று முடிவெடுத்தால் இரண்டாவது வாரமே முடிந்துவிடும், ஏனென்றால் மருத்துவமனையில் தினமும் என்று ஒன்று யாருக்கும் கிடையாது. உட்கார்ந்து எல்லோருடைய டூட்டி பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த யூனிட்டுக்கு எந்த நாள் அட்மிஷன், யார் போஸ்ட் டூட்டி (முந்தைய நாள் டூட்டி முடித்தவர்), யார் ஓ.பி. என்று குறித்தால் வாரத்தில் இரண்டு நேரம் கண்டிப்பாகத் தெரியும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் அதில் ஏதாவது ஒன்றுக்கு வந்தால் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு உங்களுக்கே தெரியும். அதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள், கொஞ்சம் செய்வது ஒன்றும் செய்யாததைவிட நல்லது என்றும் அதே வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது.

தூக்கத்துக்குத்தான் முதலிடம். 24 மணி நேர டூட்டி முடித்துவிட்டு நேராக மைதானத்துக்கு வருகிறேன் என்று யார் சொன்னாலும் திருப்பி அனுப்புங்கள். அந்த நிலையில் வண்டி ஓட்டுவதே ஆபத்து, கணுக்கால் பிசகுவதும் அப்போதுதான். அவர் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து சாயங்காலம் வரட்டும். வராவிட்டாலும் பரவாயில்லை. உடற்பயிற்சி இன்னொரு டூட்டியாக மாறிவிட்டால் எதற்காகத் தொடங்கினோமோ அதையே கெடுத்துவிடும்.

ஊரின் நாட்காட்டியையும் பாருங்கள். ஜனவரியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டு, காயம்பட்டவர்கள் பெரியாஸ்பத்திரிக்கு வந்தபடி இருப்பார்கள், சர்ஜரி, ஆர்த்தோ ஆட்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரமும் அப்படித்தான், பாதி ஊர் வெயிலில் நிற்கும், சாலையும் அடைத்திருக்கும். அந்த வாரங்களை முன்னமே விடுமுறை என்று எழுதிவிட்டால், நின்றுபோனது தோல்வியாகத் தோன்றாது, மறு வாரம் தானாகத் தொடரும்.

இடம்

மருத்துவமனைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. காலேஜ் மைதானமோ ஹாஸ்டல் மொட்டை மாடியோ இருந்தால் அதுவே முதல் தேர்வு, கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வார்டுக்குப் போய்விடலாம். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் நிறைய, கூட்டம் இருப்பதால் பயம் இல்லை. எந்த நேரம் திறப்பார்கள், கட்டணம் உண்டா என்று மட்டும் போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கே.கே. நகர், அண்ணா நகர்ப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு வண்டியூர்க் கண்மாய்க் கரை. கிழக்கே இருப்பவர்களுக்கு மாரியம்மன் தெப்பக்குளம், அது சுமார் 305 மீட்டருக்கு 290 மீட்டர், ஆக ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர், புதியவர்கள் இரண்டு சுற்று பேசிக்கொண்டே நடந்தால் அரை மணி நேரம் கணக்காக முடிந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது தெப்பக்குளம்தான், தூரம் அளக்க ஆப் எதுவும் வேண்டாம்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு கீழக்குயில்குடி சமணர் மலை ஏறுங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஐயனார் கோயில், ஆலமரங்கள், மேலே பேச்சிப்பள்ளத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான தீர்த்தங்கரர் சிற்பங்கள். பாறை சரிவாக இருக்கும், மழை பெய்த மறுநாள் போக வேண்டாம், வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். நகரத்துக்குள் எட்டு மணி நேரம் டியூப் லைட் வெளிச்சத்தில் நிற்பவர்களுக்கு அந்த மேட்டில் நின்று காற்று வாங்குவது தனிச் சுகம். அழகர்கோயில் மலைப்பாதையில் நூபுர கங்கை வரை நடப்பதும் நல்ல தேர்வு, கையில் தின்பண்டம் மட்டும் வேண்டாம், குரங்குகள் விடாது.

ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. ஏழு மணிக்கு மேல் வெளியில் ஓடாதீர்கள், தண்ணீர் பாட்டிலோடு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மொட்டை மாடிக்குக் கீழே ஒரு வராந்தாவைப் பார்த்து வையுங்கள். தெருநாய்த் தொல்லைக்கும் ஒரு வழி வேண்டும்: விடியுமுன் ஓடுவதைவிட வெளிச்சம் வந்தபின் சேர்ந்து நடப்பது பாதுகாப்பு. ஏ.ஆர்.வி. (வெறிநாய்க்கடித் தடுப்பூசி) கிளினிக்கில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அரை மணி நேரத்தில் என்ன செய்வது

ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள், இருபது நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் நீட்டி மடக்கித் தளர்த்துங்கள். அந்த இருபது நிமிடத்தில் ஒரே தாளத்தில் சேர்ந்து செய்யக்கூடியதாக ஏதாவது இருக்கட்டும். வட்டமாக நின்று ஒருவர் எண்ண, மற்றவர்கள் ஸ்குவாட் போடுவது, ஜோடியாகக் கைகோத்து உட்கார்ந்து எழுவது, சுவரில் சாய்ந்து உட்காரும் பயிற்சியை அடுத்தவரைப் பார்த்துக்கொண்டே தாங்குவது, பிளாங்க். ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கணக்கில் குனிந்து நிற்பவர்களுக்குக் கழுத்தும் இடுப்பும்தான் முதலில் போகும், அதனால் முதுகு, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சியை ஒவ்வொரு முறையும் சேருங்கள். அளவு தெரிய எளிய வழி, மூச்சு வாங்கினாலும் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

விளையாட்டு பிடித்தவர்கள் ஷட்டில், வாலிபால், த்ரோபால் ஆடலாம். கபடியும் ஃபுட்பாலும் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் விரல் பிசகினால் தியேட்டரில் கை வைக்க முடியாது, சர்ஜரி ஆட்கள் யோசித்து இறங்குங்கள். சிலம்பம் கற்றுக்கொள்ளலாமே என்று ஒவ்வொரு குழுவுக்கும் சொல்கிறேன். இந்தப் பக்கம் சொல்லிக்கொடுக்கும் ஆசான்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை, செலவு ஒரு கம்பு, தோள், மணிக்கட்டு, கால் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும், கம்பு சுற்றும்போது வார்டு நினைப்பு வந்தால் கம்பு தலையில் படும் என்பதால் மனசு அங்கேயே நிற்கும். ஆள் விட்டு ஆள் போதிய இடைவெளி விடுங்கள்.

நெஞ்சு வலி, ஆஸ்துமா, பழைய முட்டிக் காயம் உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும், கர்ப்பமாக இருப்பவர்களும் அப்படியே. அப்புறம் ஒன்று: போட்டி மனப்பான்மையைக் கிளப்பாதீர்கள். யார் எத்தனை படி நடந்தார் என்ற பட்டியலை ஒட்டினால் கடைசியில் இருப்பவர் சத்தமில்லாமல் நின்றுவிடுவார். நுழைவுத்தேர்வு ரேங்க்கில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தவர்களுக்கு இன்னொரு ரேங்க் வேண்டாம்.

மூன்றாவது வாரத்துக்கு அப்புறம்

முதல் இரண்டு வாரம் உற்சாகம் தூக்கிக்கொண்டு போகும், மூன்றாவது, நாலாவது வாரம் ஆள் குறையும். இதைத் தாண்ட இரண்டு பழக்கம் உதவும். முதலாவது, பயிற்சி முடிந்ததும் கலைந்து ஓடாமல் பத்து நிமிடம் சேர்ந்து எதையாவது குடிப்பது. டீக்கடையோ, காலையில் தள்ளுவண்டியில் கிடைக்கும் சூடான பருத்திப்பாலோ, எதுவானாலும் சரி. அந்தப் பத்து நிமிடத்தில்தான் "நேத்து ஒரு குழந்தை இறந்துடுச்சுடா" என்று ஒருவர் வாய் திறப்பார். கேஸ் பேசக்கூடாது என்ற விதி அங்கே பொருந்தாது, நோயாளியின் பெயர், அடையாளம் மட்டும் டீக்கடையில் வரக்கூடாது. புத்திமதி சொல்லாதீர்கள், "நானா இருந்தா இப்படிச் செஞ்சிருப்பேன்" என்று சிகிச்சையை அலசாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

இரண்டாவது, காரணம் சொல்லாமல் ஒருவர் தொடர்ந்து இரண்டு முறை வரவில்லை என்றால் யாராவது ஒருவர் அவரைப் போய்ப் பார்ப்பது. மெசேஜ் வேண்டாம், அறைக் கதவைத் தட்டுங்கள், இல்லை போன் போடுங்கள். "ஏன் வரல?" என்று ஆரம்பிக்காதீர்கள், "சாப்டியாடா?" என்று ஆரம்பியுங்கள். பெரும்பாலும் டூட்டி மாறியிருக்கும், காய்ச்சலாக இருக்கும். சில சமயம் அப்படி இருக்காது. பெரிய காலேஜில் ஒருவர் மெல்ல ஒதுங்கிப்போவதை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் டூட்டிக்கு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருப்பார். ஆறு பேர் குழுவில் அது தெரிந்துவிடும். இந்தக் குழுவால் உயிர் காக்கும் வேலை ஏதாவது நடக்கிறது என்றால் அது இந்தக் கதவு தட்டுதலில்தான் நடக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பலன் தெரிகிறதா என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. மாஸ்லாக் என்பவர் 1981-ல் வெளியிட்ட 22 கேள்விகள் கொண்ட அளவுகோல்தான் உலகமெங்கும் ஆய்வுகளில் பயன்படுகிறது, தீசிஸ் செய்பவர்கள் முறையாக அனுமதி வாங்கி அதை எடுங்கள். மற்றவர்கள் வாரக் கடைசியில் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதினால் போதும்: இந்த வாரம் அசதி எப்படி, நோயாளிகளிடம் எரிச்சல் எப்படி, ஏதாவது ஒன்றை நன்றாகச் செய்தேன் என்று தோன்றியதா. அது உங்கள் நோட்டு, குழுவில் காட்ட வேண்டாம், டிபார்ட்மென்ட்டில் யாரும் கேட்கவும் கூடாது.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது

முன்னே மனசில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். வேலைச் சுமையால் வருவதை வேலைச் சுமையைத் தொடாமல் தீர்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை யோகா வகுப்பு, அதற்குக் கட்டாய அட்டெண்டென்ஸ், போட்டோ, ஆனால் டூட்டி நேரம் அப்படியே என்றால் அதை ஏற்காதீர்கள். பயிற்சி மருத்துவர்களுக்கான மத்திய அரசின் 1992 ரெசிடென்சி திட்டம் பொதுவாக நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொன்னது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிமுறைகள் நியாயமான வேலை நேரமும் வார விடுமுறையும் ஓய்வுக்கு நேரமும் வேண்டும் என்கின்றன. மாணவர்களின் மனநலத்துக்காக அதே ஆணையம் அமைத்த குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில் வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, ஒரு நாள் விடுப்பு வேண்டும், தினமும் ஏழெட்டு மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், ஆனாலும் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

தனி ஆளாகப் போய் நின்றால் "எங்க காலத்துல" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆறு பேராகப் போங்கள், புகாராக இல்லாமல் கோரிக்கையாக வையுங்கள், சின்னதாகத் தொடங்குங்கள்: வாரத்தில் ஒரு நாள் ரவுண்ட்ஸ் அரை மணி தள்ளி, அந்த நேரத்துக்கு வார்டைப் பார்த்துக்கொள்ள முறை வைத்து ஒருவர், உடை மாற்ற ஒரு அறை, பூட்டோடு. போஸ்ட் டூட்டி ஆட்களைக் காலை பதினொரு மணிக்குள் விட வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை. கேட்டதெல்லாம் கிடைக்காது, உடை மாற்றும் அறை முதலில் கிடைக்கும்.

அடுத்த பேட்ச்

ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு வருடம்தான், பி.ஜி.க்களுக்கு மூன்று வருடம், கடைசி ஆறு மாதம் பரீட்சை தின்றுவிடும். ஆகவே குழு தொடங்கிய நபரோடு முடிந்துபோகாமல் இருக்க, பரீட்சைக்கு முன்னாலேயே இரண்டு ஜூனியர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள். கொடுக்க வேண்டியது அதிகமில்லை: டூட்டி பட்டியலைச் சேர்த்துப் பார்க்கும் முறை, மைதானத்து ஆளின் போன் நம்பர், சிலம்ப ஆசானின் நம்பர், இரண்டு முறை வராதவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதி. பரீட்சைக்குப் படிப்பவர்கள் அந்த மாதங்களில் பயிற்சிக்கு வராவிட்டாலும் பருத்திப்பாலுக்காவது வந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். புது பேட்ச் சேரும் வாரத்தில், ஹாஸ்டல் அறை கிடைத்துப் பெட்டியை இறக்கும் அன்றைக்கே, ஜூனியரின் கதவைத் தட்டி ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு, எங்கே என்று சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் அவர்கள் எழுந்து வரும் நிலையில் இருக்க மாட்டார்கள்.